எட்டுச் சீட்டும் எழுபது வழிகளும்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்க நெருங்க மாசாய், ஸ்கூடாய், கூலாய் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளின் தூக்கம் குறையும். தாய்மார்களின் தூக்கமும்தான். ஜொகூர் பாருவில் மாணவர் ஆலோசனைப் பணியில் இருக்கும் என்னிடம் அந்த மாதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும். "டீச்சர், மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனதிலேர்ந்து மகனுக்குப் பயம் குறைஞ்சிடுச்சு. ராத்திரி நல்லா தூங்குறான். சின்னவளையும் சேர்த்துடட்டுமா?"

அந்த அம்மா சொல்வதில் பொய் இல்லை. பையன் தூங்குகிறான், முகம் தெளிந்திருக்கிறது. ஆனால் "வகுப்புக்குப் போன பிறகு குறைந்தது" என்பது அவர் கண்ணால் பார்த்தது. "வகுப்பால் குறைந்தது" என்பது அவர் முடிவு செய்தது. உளவியல் நூறாண்டுக்கும் மேலாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பயம் எப்போது நம்மை வகுப்பு தேட வைக்கிறது? அது உச்சத்தில் நிற்கும்போது. உச்சத்தில் நிற்பது எதுவும் அடுத்த வாரம் சற்று இறங்கத்தான் செய்யும். இப்படி எல்லை தொட்ட அளவுகள் சராசரியை நோக்கித் திரும்புவதைப் பிரான்சிஸ் கால்டன் 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். காய்ச்சல் ஏறியிருக்கும் இரவில் கட்டிய தாயத்துக்கு மறுநாள் காலையில் நல்ல பெயர் கிடைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: அதே பையன் அந்த வகுப்புக்குப் போகாமல் இருந்திருந்தால் இன்று எப்படி இருந்திருப்பான்? அந்தப் பையனை யாராலும் பார்க்க முடியாது. ஒருவனே இரண்டு வாழ்க்கை வாழ்வதில்லை. பார்க்க முடியாத அந்தப் பையனுக்குப் பதிலாக நிற்பவர்களைத்தான் கட்டுப்பாட்டுக் குழு என்கிறோம்.

அப்படிப் பதிலாக நின்றவர்களைப் பற்றி இந்த நாட்டிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது. அது நடந்தது ஒரு மனநோய்க் காப்பகத்தில். ஜொகூரில் 'தம்போய்' என்று ஊர்ப்பெயரைச் சொன்னாலே மனநல மருத்துவமனை என்று பொருள். பெர்மாய் மருத்துவமனை அங்கே இருப்பதால் அந்தப் பெயரை வசைச் சொல்லாகவும் ஆக்கிவிட்டார்கள். எனக்கு அது என்றும் பிடித்ததில்லை. ஆனால் நான் சொல்லும் கதை தம்போய் மருத்துவமனை பிறப்பதற்கும் முந்தையது, கோலாலம்பூரில் நடந்தது.

1900களின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைகளிலும் காப்பகங்களிலும் பெரிபெரி நோய் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் நின்றுவிடும். சிரம்பானில் அரசு மருத்துவராக இருந்த லியோனார்டு பிராடன் ஒன்றைக் கவனித்தார். சீனத் தொழிலாளர்களை இந்த நோய் கொத்துக் கொத்தாகத் தாக்கியது. தமிழர்களை அரிதாகவே தொட்டது. சீனர்கள் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. எனவே நோய் அரிசியில்தான் இருக்கிறது என்றார்.

நம் பாட்டிமார் பெருமைப்பட வேண்டிய கவனிப்பு. ஆனாலும் அதில் ஓர் ஓட்டை இருந்தது. தமிழருக்கும் சீனருக்கும் வேறுபட்டது அரிசி மட்டுமா? ஒருவர் வெயிலில் தோட்டத்தில் வேலை செய்தார், மற்றவர் சுரங்கக் குழியில். குடியிருந்த கொட்டகை வேறு, தொட்டுக்கொண்ட கறி வேறு, குடித்த தண்ணீர் வேறு. நோய் இதில் எதிலிருந்தும் வந்திருக்கலாம். ஏதோ ஒரு கிருமி அந்தக் கட்டடங்களில் குடியிருக்கிறது என்று அன்று பல மருத்துவர்கள் நம்பினார்கள்.

வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர் 1905 டிசம்பரில் கோலாலம்பூர் காப்பகத்து நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்குப் பக்க வார்டுக்குப் போனார்கள்; அவர்களுக்கு வழக்கமான சயாம் பச்சரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்குப் பக்க வார்டுக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. கட்டடங்கள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அரிசியைத் தவிர மற்றச் சாப்பாடும் ஒன்றே. நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதோ என்ற ஐயத்தைத் தீர்க்கப் பாதியில் இரு குழுவையும் வார்டு மாற்றினார், அரிசியை மாற்றவில்லை.

முடிவு 1907இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. பச்சரிசி சாப்பிட்டவர்களில் பலர் நோயில் விழுந்தார்கள், இறந்தவர்களும் இருந்தார்கள். புழுங்கலரிசிக் குழுவில் அந்த நோயால் ஒருவர்கூடச் சாகவில்லை. வார்டு மாறியதால் எதுவும் மாறவில்லை.

அந்த வரிசையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். தாங்கள் எதற்காக எண்ணப்படுகிறோம் என்று அங்கு நின்றவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நோயாளியிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் ஊன்றாத காலம் அது. ஒற்றைப்படையில் நின்றதற்காகவே சிலர் உயிர் போனது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. ஆனால் அவர்கள் கொடுத்த விடை பொய்யாகிவிடவில்லை. பிளெட்சரும் அந்த விடையை நீட்டி முழக்கவில்லை. அரிசியில் நஞ்சு இருக்கலாம், அரிசியில் சத்துக் குறைவாக இருக்கலாம், அல்லது சத்துக் குறைவால் உடல் வேறொரு கிருமிக்கு இடம் கொடுக்கலாம் என்று மூன்று வாய்ப்புகளையும் எழுதி வைத்தார். எது காரணம் என்ற கேள்விக்கு விடை மெல்லத்தான் வந்தது. தவிட்டிலிருந்து பி1 உயிர்ச்சத்தைப் பிரித்தெடுத்தது 1926இல், நமக்குத் தெற்கே பத்தேவியாவில். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. "வேலை செய்கிறதா?" என்பதும் "ஏன் வேலை செய்கிறது?" என்பதும் தனித்தனிக் கேள்விகள். குழு ஒப்பீடு முதல் கேள்விக்கானது.

பிளெட்சரின் காப்பகத்தில் வேறுபாடு அவ்வளவு பெரிது, கணக்கே தேவைப்படவில்லை. மனத்தின் காரியங்கள் அப்படி இல்லை. பயம், சோர்வு, கவனம் இவையெல்லாம் ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இரண்டு குழுவை எப்படிப் பிரித்தாலும் ஏதோ ஒரு வேறுபாடு தெரியத்தான் செய்யும். அது சிகிச்சையால் வந்ததா, பிரித்த விதத்தால் வந்ததா? இங்கேதான் கருதுகோள் சோதனை உள்ளே வருகிறது.

அதை நான் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது சூத்திரத்தில் தொடங்குவதில்லை. ஒரு காலி மைலோ டின்னில் தொடங்குவேன்.

எட்டு மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெயர்ச் சீட்டுகளை டின்னில் போட்டுக் குலுக்கி நாலு பேரை எடுத்து மூச்சுப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். மீதி நாலு பேர் கட்டுப்பாட்டுக் குழு. அவர்கள் சும்மா இருக்கக் கூடாது. அதே நேரம், அதே ஆசிரியை, ஆனால் கதைப் புத்தகம் வாசிக்கிறார்கள். உளவியலில் இது முக்கியம். தன்னை ஒருவர் அக்கறையாகக் கவனிக்கிறார் என்பதே பிள்ளைக்குப் பாதி மருந்து. அந்தப் பாதி இரு குழுவுக்கும் சமமாகப் போய்ச் சேரட்டும்.

ஒரு மாதம் கழித்துத் தேர்வுப் பயத்தை ஒரு வினாத்தாளால் அளக்கிறோம். மூச்சுப் பயிற்சிக் குழுவின் மதிப்பெண்கள் 14, 17, 19, 22. வாசிப்புக் குழு 20, 24, 26, 30. எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. முதல் குழுவின் சராசரி 18, இரண்டாவதன் சராசரி 25. வேறுபாடு 7.

இப்போது எதிர்வாதம் பேசுபவராக மாறுவோம். "மூச்சுப் பயிற்சியால் ஒன்றும் நடக்கவில்லை. 14 எடுத்த பிள்ளை எந்தக் குழுவில் இருந்தாலும் 14தான் எடுத்திருப்பான். அமைதியான பிள்ளைகள் குலுக்கலில் ஒரு பக்கம் விழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான்." இதற்குப் பெயர் இன்மைக் கருதுகோள். மறுத்துப் பேச வேண்டாம்; ஒரு நிமிடம் ஒப்புக்கொள்வோம். இந்த எட்டு எண்களையும் சீட்டில் எழுதி டின்னில் போட்டு, நாலு நாலாக எத்தனை விதமாகப் பிரிக்கலாம்? சரியாக 70 வழிகள். அதில் எத்தனை வழிகளில் முதல் குழு இவ்வளவு தாழ்வாக வரும்? நம் குழுவின் கூட்டுத்தொகை 72. அதைவிடக் குறைவாக வரக்கூடியது 14, 17, 19, 20 மட்டுமே, கூட்டினால் 70. ஆக இரண்டே வழிகள். எழுபதில் இரண்டு என்றால் 0.029. இதுதான் பி-மதிப்பு: வெறும் குலுக்கல் மட்டுமே வேலை செய்திருந்தால், நாம் பார்த்த அளவோ அதைவிடப் பெரிதோ ஆன வேறுபாடு எத்தனை முறைக்கு ஒருமுறை வரும் என்பது.

எழுபது என்ற எண் புள்ளியியலில் ஒரு புனித எண் மாதிரி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒரு பெண் ஆய்வாளர், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார். ரொனால்டு பிஷர் எட்டுக் கோப்பைகளை வைத்து அதைச் சோதிக்கும் முறையை 1935இல் வெளியான தம் நூலில் விளக்கினார். நாலில் பால் முதலில், நாலில் தேநீர் முதலில். எட்டையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரே வழி. நாம் தெ தாரிக் ஆற்றுகிற ஊர்க்காரர்கள். அந்த அம்மையார் சொன்னதை நான் சந்தேகிக்க மாட்டேன்! ஆனால் பிஷர் அந்தச் சிறிய மேசையில் வைத்துச் சொன்ன பெரிய விஷயம், குலுக்கல்தான் சோதனைக்கு அடித்தளம் என்பது. பிளெட்சர் ஒற்றை, இரட்டை என எண்ணினார். அந்த முறையில் அடுத்து வருபவர் எந்தப் பக்கம் போவார் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். யாருக்காவது மனம் இளகினால் வரிசையை மாற்றிவிடலாம். டின்னுக்குள் கைவிட்டு எடுத்தால் யார் விருப்பமும் நுழையாது. தற்செயல் எவ்வளவு ஆட்டம் காட்டும் என்று பின்னால் கணக்கிடவும் முடிகிறது.

சரி, 0.029. உளவியல் இதழ்களில் வழக்கமான எல்லை 0.05, அதாவது இருபதில் ஒன்று. அதற்குக் கீழே வந்தால் 'குறிப்பிடத்தக்கது' என்பார்கள். நம் மூச்சுப் பயிற்சி வென்றுவிட்டதா?

கொஞ்சம் பொறுங்கள். பயம் குறைவதை மட்டும்தான் எண்ணினோம். மூச்சுப் பயிற்சி பயத்தைக் கூட்டவும் செய்யலாமே? சில பிள்ளைகளுக்குத் தன் மூச்சைக் கவனிப்பதே பதற்றம் தரும், பார்த்திருக்கிறேன். மறுபக்கம் அதே அளவு தூரம் போகும் வழிகளையும் சேர்த்தால் இரண்டு நாலாகும். எழுபதில் நாலு, 0.057. எல்லைக்கு வெளியே! சீட்டுக்குப் பதில் புகழ்பெற்ற டி-சோதனையைப் போட்டுப் பார்ப்போமா? டப்ளின் கின்னஸ் மதுவாலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் 'மாணவன்' என்ற புனைபெயரில் 1908இல் தந்தது அது. குழுக்களின் சராசரி வேறுபாட்டை, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் பிள்ளைகள் தமக்குள் எவ்வளவு சிதறியிருக்கிறார்கள் என்பதிலிருந்து கிடைக்கும் ஓர் அளவால் வகுப்பார்கள். நம் கணக்கில் 2.61 வருகிறது. எட்டுப் பேருக்கு, இருபக்கச் சோதனையில், தேவையான எல்லை 2.45. பி-மதிப்பு ஏறத்தாழ 0.04. மறுபடியும் உள்ளே!

அதே எட்டுப் பிள்ளைகள், அதே மதிப்பெண்கள், மூன்று விடைகள். மூன்றும் கணக்குப்படி சரி. அவை ஒன்றுக்கொன்று பெரிதாக முரண்படவும் இல்லை. தற்செயலால் இது வருவது அரிதுதான், ஆனால் நடக்காத காரியம் இல்லை என்றுதான் மூன்றுமே சொல்கின்றன. முரண்படுவது நாம் 0.05இல் எழுப்பிய சுவர். பிஷரே அந்த எல்லையை வசதிக்காகத்தான் எடுத்தார். ஒரே ஒரு சோதனையின் முடிவில் உண்மை நிறுவப்பட்டுவிடாது, திரும்பத் திரும்பச் செய்தும் அநேகமாகத் தவறாமல் வந்தால்தான் நிறுவப்படும் என்பது அவர் கருத்து. எந்தச் சோதனை, ஒருபக்கமா இருபக்கமா என்பதை மதிப்பெண் தாளைத் திறப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். திறந்த பிறகு தேர்ந்தெடுத்தால் நமக்குப் பிடித்த எண்ணைத்தான் தேர்ந்தெடுப்போம், நம்மை அறியாமலே.

இன்னொன்றையும் இங்கே சொல்லாமல் நகர எனக்கு மனமில்லை. 0.04 என்றால் 'மூச்சுப் பயிற்சி பயனற்றதாக இருக்க 4 விழுக்காடு வாய்ப்பு' என்று படித்தவர்களே எழுதுகிறார்கள். இல்லை. பயனற்றது என்று வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட எண்கள் வரும் வாய்ப்புத்தான் அது. மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருப்பதை வைத்து மழை பெய்தது என்று அதே உறுதியோடு சொல்ல முடியுமா? யாரோ வாசல் தெளித்திருக்கலாம்.

எட்டுப் பேரிலிருந்து எழுந்து உண்மையான ஓர் ஆய்வுக்குப் போவோம். மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளுக்காக உழைப்பது. அதன் மருத்துவர் ஆர். தாராவும், விக்ரம் பட்டேல், சுதிப்தோ சட்டர்ஜி முதலானோரும் சேர்ந்து கோவா, மகாராஷ்டிரம், தமிழகக் கிராமப்புறம் ஆகிய மூன்று இடங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கேள்வி எளிது. மனநல மருத்துவர்கள் எண்ணிக்கையில் குறைந்த நாட்டில், பயிற்சி கொடுத்த உள்ளூர்ப் பணியாளர்கள் நோயாளியின் வீட்டுக்கே போய்த் துணை நின்றால் நிலைமை தேறுமா?

282 பேரைச் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். 187 பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சையோடு வீட்டுத் துணையும். 95 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். கோலாலம்பூர் காப்பகத்துக்கும் இதற்கும் நடுவில் நூறாண்டு கடந்திருப்பது இங்கே தெரிகிறது: கட்டுப்பாட்டுக் குழுவில் இருந்தவர்களையும் மருத்துவம் கைவிடவில்லை. 12 மாதம் கழித்து நோய்க்குறிகளை அளந்தவர்களுக்கு யார் எந்தக் குழு என்று தெரியாது. 2014இல் முடிவு 'லான்செட்' இதழில் வந்தது. அதே இதழ்.

நோய்க்குறி அளவுகோல் 30இலிருந்து 210 வரை போவது. வீட்டுத் துணை பெற்றவர்கள் சராசரியாக 3.75 புள்ளி தாழ்வாக, அதாவது சற்று நலமாக, இருந்தார்கள். பி-மதிப்பு 0.08. சுவருக்கு வெளியே. அன்றாட வாழ்க்கையில் எவ்வளவு முடங்கியிருக்கிறார்கள் என்ற அளவில் பி-மதிப்பு 0.01. சுவருக்கு உள்ளே. தமிழகக் கிராமப்புறத்தை மட்டும் தனியே எடுத்தால் நோய்க்குறி வேறுபாடு 9.29 புள்ளி, பி-மதிப்பு 0.003.

என்ன முடிவு செய்வது? 'தோல்வி' என்று எழுதிவிடலாம், 0.08ஐக் காட்டி. 'மாபெரும் வெற்றி' என்றும் எழுதிவிடலாம், 0.003ஐக் காட்டி. இரண்டும் அவசரம். ஆய்வாளர்கள் பி-மதிப்போடு நம்பிக்கை இடைவெளியையும் தந்திருக்கிறார்கள்: நன்மை 7.92 புள்ளி வரை இருக்கலாம், அல்லது 0.42 புள்ளி அளவுக்குத் தீமையாகவும் இருக்கலாம். அந்த இடைவெளியின் பெரும்பகுதி நன்மையின் பக்கம்தான் கிடக்கிறது. ஆனால் நன்மை பெரிதா சிறிதா என்று அது உறுதி சொல்லவில்லை. மூன்று இடங்களைத் தனித்தனியே பார்த்தால் ஒன்று மற்றவற்றைவிடப் பளிச்சென்று தெரிவது தற்செயலாகவும் நடக்கும். அதே சமயம் சிகிச்சை வசதி அரிதான கிராமத்தில், வீட்டு வாசலுக்கு வரும் ஒரு பணியாளர் கூடுதலாகப் பயன்படுவார் என்பது நம்பத்தகுந்த காரணமும்கூட. வசதி குறைந்த இடங்களில் தொடக்கச் சேவையாக இது பொருந்தும் என்று ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். அந்த அளவை நான் மதிக்கிறேன்.

எனக்கு அந்த ஆய்வில் மறக்க முடியாதது வேறொரு வரி. நோய்க்குறிகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தவர்கள் வீட்டுத் துணைக் குழுவில் 51 விழுக்காடு. கட்டுப்பாட்டுக் குழுவிலும் 51 விழுக்காடு. கட்டுப்பாட்டுக் குழுவே இல்லாமல் இந்த ஆய்வை நடத்தியிருந்தால், 'வீட்டுத் துணையால் பாதிப்பேர் தேறினார்கள்' என்று தலைப்புச் செய்தி வந்திருக்கும். நாமும் நம்பியிருப்போம்.

உளவியல் இந்தப் பாடத்தை வலியோடு படித்தது. 100 உளவியல் ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்த பெருமுயற்சி ஒன்றின் முடிவு 2015இல் வெளியானது. முதல் தடவை அவற்றில் 97 ஆய்வுகள் சுவருக்கு உள்ளே இருந்தவை. திரும்பச் செய்தபோது உள்ளே வந்தவை 36 விழுக்காடு. யாரோ பொய் எழுதியதால் மட்டும் நேர்ந்ததல்ல இது. சிறிய குழுக்கள், தாள் திறந்த பிறகு தேர்ந்தெடுத்த சோதனைகள், சரிவராததை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுச் சரிவந்ததை மட்டும் அச்சுக்கு அனுப்பும் பழக்கம். இப்போது பல இதழ்கள் ஆய்வுத் திட்டத்தை முன்பதிவு செய்யச் சொல்கின்றன.

பயிற்சி வகுப்பில் நான் கடைசியாகச் செய்வது இது. அந்த எட்டு எண்களையும் சீட்டில் எழுதி ஆளுக்கொரு டின் கொடுத்து, பத்துப் பத்துத் தடவை குலுக்கி நாலு நாலாகப் பிரிக்கச் சொல்வேன். இருபது ஆசிரியர்கள் இருந்தால் இருநூறு குலுக்கல். பெரும்பாலும் வேறுபாடு ஒன்று, இரண்டு, மூன்று என்றே வரும். திடீரென்று ஒரு மேசையில் யாரோ கையை உயர்த்துவார்: "டீச்சர், எனக்கு ஏழு வந்திருக்கு!" அந்த அறையில் யாரும் மூச்சுப் பயிற்சி செய்யவில்லை. டின்னைத்தான் குலுக்கினோம்.

அந்த அம்மாவுக்கு நான் என்ன சொன்னேன்? "சேர்த்து விடுங்கம்மா, கெடுதல் இல்லை. பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா மட்டும் நிறுத்திடுங்க." ஒரு வீட்டு முடிவுக்கு அது போதும். ஒரு பள்ளி இருநூறு பிள்ளைகளுக்குப் பணம் கட்டி இதே வகுப்பை வாங்க நினைத்தால் என் பதில் வேறு. முதல் தவணைக்குப் பாதிப்பேர், அடுத்த தவணைக்கு மீதிப்பேர் என்று வையுங்கள். யார் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். காத்திருக்கும் பிள்ளைகளையும் அதே நாளில் அளந்து எழுதி வையுங்கள். எந்தப் பிள்ளைக்கும் வகுப்பு இல்லாமல் போகாது. இருநூறு சீட்டுக்கு மைலோ டின் கொஞ்சம் பெரிதாக வேண்டும்.